போர்க்களமும் உவமையும்

அம்புகள் மழையாகப் பொழிந்தன. வாள்கள் மின்னலாய்ப் பளிச்சிட்டன. யானைகள் மலைகளைப் போல் சாய்ந்தன. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவருக்கும் இவை பழகிப்போன உவமைகள். அழகானவைதாம். ஆனாலும் அவற்றை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. மழையைப் பொழிவிக்க மனிதன் வேண்டியதில்லை. மின்னல் தாக்கிச் செத்தவனுக்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. அம்போ ஒருவன் குறிபார்த்து எய்தது. கொலையை இயற்கையின் கணக்கில் எழுதிக் கொன்றவனைத் தப்பவிடுகிற உவமை எவ்வளவு இனிமையாக இருந்தால்தான் என்ன? அது பொய்ச்சாட்சி அல்லவா?

மெய்ச்சாட்சி சொல்லும் உவமைகளும் உண்டு. 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தில், ஈப்ர நகருக்கு அருகே, ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைப் பெருமளவில் திறந்துவிட்டது. பின்பு இரு தரப்பாரும் நச்சு வாயுவைக் கையாண்டார்கள். அந்தப் போரில் பணியாற்றிய ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவன், 1917இல் எழுதத் தொடங்கிய ஒரு கவிதையில், முகமூடியை மாட்ட நேரமில்லாமல் அகப்பட்டுக்கொண்ட ஒரு சிப்பாயைக் காட்டுகிறார். தம் முகமூடியின் கண்ணாடி வழியே பார்க்கிற கவிஞருக்கு, அவன் கடலில் மூழ்குகிறவனாகத் தெரிகிறான்.

கடலும் இயற்கைதானே, கட்டாந்தரையில் அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர்கள் பதில் சொல்வார்கள். அந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்குகிறது. அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. மனிதன் தன் உடம்பின் நீரிலேயே மூழ்கிச் சாகிறான். அந்தக் கடலை அவனுக்குள் புகுத்தியது இன்னொரு மனிதனின் கை. ஓவனின் உவமை கண்டதைக் கண்டபடி சொன்ன வாக்குமூலம்.

நம் கலிங்கத்துப் பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாட வந்தவர் சயங்கொண்டார். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. மாண்டவர்களின் பற்களே அரிசி. யானைத் தந்தமே உலக்கை. படித்துச் சிரித்துவிடுகிறோம். சிரித்த பிறகுதான் சுருக்கென்கிறது. யாருடைய பசிக்கு யாருடைய பல்? போர் ஒரு பெரிய அடுக்களை, அதில் வேகிறவன் மனிதன் என்பதை, வெற்றியைப் புகழ வந்த கற்பனையே சொல்லிவிடுகிறது. நூலின் பெயரிலும் வென்றவன் இல்லை. தோற்ற நாடுதான் இருக்கிறது.

ஒருவன் துடித்துச் சாவதைச் சொல்நயத்தோடு பாடுவதும், அதை நாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து சுவைப்பதும் அறமா? நியாயமான கேள்வி. படித்து முடித்தபின் நம் கண்முன் நிற்பது கவிஞனின் சாமர்த்தியமா, செத்தவனின் முகமா? முன்னது என்றால், அது திருட்டுச் சுவை. பின்னது என்றால், செத்தவனுக்கு நாம் பட்ட கடனில் சிறிதாவது தீர்கிறது. எண்ணிக்கையால் அந்தக் கடன் தீராது. ஆயிரம் பேர் மாண்டார்கள் என்ற செய்தியைப் படித்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்துவிடுகிறோம். மூச்சுக்குத் திணறுகிற ஒருவனை அப்படித் தாண்டிப் போக முடிவதில்லை.

ஓவன் 1918 நவம்பர் 4ஆம் நாள், இருபத்தைந்தாம் வயதில், பிரான்சில் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில் போர் நின்றது. ஊரெல்லாம் மணிகள் ஒலித்த அந்த நவம்பர் 11ஆம் நாள்தான் அவருடைய தாய்க்குத் தந்தி வந்து சேர்ந்தது. அந்த மணியோசையை வெற்றியின் இசை என்று எழுதப் பலர் இருப்பார்கள். அந்தத் தாயின் காதால் அதைக் கேட்டு எழுதுகிறவனையே நான் கவிஞன் என்பேன்.