உரைகாரரின் ஆட்சி

கயத்தாற்றில் ஒரு குடும்பம் பூர்வீகப் புஞ்சையைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தால், விஞ்ஞானேசுவரரின் வாதமும் கூடவே வந்து உட்காரும். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு 'மிதாக்ஷரா' என்ற உரையை எழுதியவர் அவர். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்குண்டு என்றார். ஏறக்குறைய அதே காலத்தில், இத்தாலியின் போலோனியாவில் இர்னேரியஸ், பேரரசர் ஜஸ்டீனியன் தொகுப்பித்த ரோமானியச் சட்டத்துக்கு விளக்கக் குறிப்புகள் எழுதினார். இருவரும் சட்டம் இயற்றவில்லை, உரைதான் எழுதினார்கள். இருந்தும் பின்வந்த நீதிபதிகள் அந்த வழியில்தான் நடந்தார்கள். மகளை விட்டுவிட்ட மிதாக்ஷராவின் பங்கு விதியை 1989இல் தமிழ்நாடும் 2005இல் இந்தியாவும் திருத்தின. பழைய நூலை மதிப்பவர் அதை ஆழ்ந்து படிப்பார். நியாயம் கேட்டால் திருத்தவும் துணிவார்.