அது அப்படித்தான் சார் இருக்கும்

சென்ற மாதம் பேரனுக்குப் பிறந்தநாள் என்று ஒரு மாலுக்குப் போய் பௌலிங் ஆடினோம். (ஆடியது அவன். நான் ஷூ மாட்டிக்கொண்டதோடு சரி.) உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கூரையைத் தாங்கும் உத்தரம் ஒன்று நடுவில் லேசாகத் தொய்ந்த மாதிரி தெரிந்தது. சீருடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'அது அப்படித்தான் சார் இருக்கும்' என்றான். நானும் தலையாட்டிவிட்டு ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஹார்ட்ஃபர்ட் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே 1975ல் ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். 300 அடிக்கு 360 அடி கூரை, தாங்குவதற்கு நாலே தூண்கள். எஃகுக் கம்பிகளைப் பின்னித் தரையிலேயே கோத்து, ஜாக்கி வைத்து மேலே தூக்கினார்கள். வடிவமைப்புக்குக் கம்ப்யூட்டர் கணக்கு. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் வளையும். நடுவில் விரலால் பிடித்துக்கொண்டால் தாங்கும். கூரையின் மேல்புறக் கம்பிகளுக்கு அந்த 'விரல்' இருப்பதாகக் கணக்கு நினைத்துக்கொண்டது. நிஜத்தில் பல இடங்களில் அது சரியாக இல்லை.

கூரை சும்மா இருக்கவில்லை, சொல்லிப் பார்த்தது. கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. கட்டியவர்கள் அளந்து சொன்னார்கள். கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும் என்று எஞ்சினியர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவரும் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார். அவருக்கும் கிட்டத்தட்ட என் சீருடைப் பையன் சொன்ன பதில்தான்.

1978 ஜனவரி 17 இரவு, சுமார் 5,000 பேர் அங்கே கூடைப்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடியற்காலை நாலேகால் மணி வாக்கில், பனியின் பாரத்தில், 1,400 டன் கூரை காலி நாற்காலிகள்மேல் இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

அடுத்து சியோல். 1995 ஜூன் 29 காலை, சாம்பூங் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஐந்தாவது மாடியில் பெரிய விரிசல்கள். மேல்மாடியை மட்டும் மூடிவிட்டு, கீழே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் கட்டடம் சரிந்தது. 502 பேர் செத்தார்கள். முதலாளி ஜெயிலுக்குப் போனார்.

சியோலில் பணத்தாசை இருந்தது, தூண்களை ஒல்லியாக்கிய குற்றமும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை வந்தபோது 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னார்களே, அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஹார்ட்ஃபர்ட்காரர்கள் எந்த வகையில் உசத்தி? சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தையும் அவர்கள் சம்பாதிக்கவில்லை, கூரை கொடுத்தது.

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 1976ல் இதைப் பற்றி யோசித்து, 'ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள். விளைவை வைத்து ஆளை எடை போடுவது நியாயமா என்பது கேள்வி. செத்தவர்களின் குடும்பத்திடம் போய் 'இரண்டும் ஒரே தப்புதான்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் சாகவில்லை என்பதால் ஹார்ட்ஃபர்டைத் தப்பே இல்லை என்று விடவும் மனசு வரவில்லை. தண்டனை விளைவைப் பார்க்கட்டும். மனசாட்சி, கேள்வி வந்த அந்த நிமிஷத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்படிப் பார்த்தால் ஐஸ்க்ரீம் வாங்கப் போன நான் யார்? தொய்வைப் பார்த்தவன். 'பெரிசு எதையாவது உளறுது' என்று நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் இரண்டாவது தடவை கேட்காதவன். அந்த உத்தரத்துக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாமலே தலையாட்டினேன்.

போன வாரம் மறுபடி போனேன். மேனேஜரிடம் காட்டி, "எஞ்சினியர் யாராவது பார்த்து எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார். விசாரித்துச் சொல்வதாக என் செல் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இன்னும் கூப்பிடவில்லை. நாளைக்கு மறுபடி போகப் போகிறேன். உங்கள் ஊரிலும் அண்ணாந்து பார்க்க ஒரு கூரை இருக்கும். பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.