எது அந்தப் பாட்டு?

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல் முதலில் பதிந்தது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில். அந்தக் காலப் பாடல்கள் பின்னாளில் வினைல் நெடுந்தட்டில் மறுபதிப்பாகும்போது எழும் கேள்வி பழையது: இது அதே பாட்டா, அதைப் போன்ற வேறொன்றா? லேபிளை நம்பிப் பயனில்லை. அது காகிதம், மிச்சமிருந்த பழைய தாள் புதிய தட்டிலும் ஏறிவிடும். லேபிளுக்கும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் இடையே பொறித்த மேட்ரிக்ஸ் எண் மேலான சாட்சி. ஆனால் நெடுந்தட்டுக்காகப் புதிதாக வெட்டினால் எண்ணும் புதிது. ஆக, எண் காட்டுவது தட்டுகளை அச்செடுக்கும் தாய்த்தகட்டை, பாட்டை அல்ல.

இந்தியத் தத்துவத்தின் மீமாம்சை, நியாய மரபுகள் ஒலியைப் பற்றி இதே கேள்வியை விவாதித்தன. நேற்றுக் கேட்ட எழுத்தொலியே இன்றும் என்று அடையாளம் காண்கிறோம்; ஆகவே ஒலி நித்தியம் என்றனர் மீமாம்சகர். ஒலி தோன்றி அழிவது, ஒத்திருப்பது இனம் மட்டுமே என்றனர் நையாயிகர். இசைத்தட்டில் நையாயிகர் பக்கமே நிற்கத் தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. அதே பாடகி அதே பாட்டை மறுபடி பாடினால் இனம் ஒன்று, நிகழ்வு வேறு. மறுபதிப்போ அந்த ஒரே நிகழ்விலிருந்து அறுபடாமல் வந்த காரணத்தொடர்.

சுந்தராம்பாளின் முருகன் பாட்டைக் கேட்பவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். பக்திக்குத் தேவையில்லைதான், மருதமலை அடிவாரத்து ஒலிபெருக்கியில் எந்தப் பதிப்பு ஒலித்தாலும் கும்பிடுபவர் கும்பிடுவார். ஆனால் பாடியவர் ஒருவர், ஒருநாள் மூச்சுப் பிடித்துப் பாடினார். அதன்மேல் செயற்கை எதிரொலி சேர்த்த பதிப்பு அந்தக் காரணத்தொடரை அறுக்கவில்லை. ஆனால் அவர் பாடாததையும் அவர் பெயரில் ஏற்றுகிறது. அதை லேபிளில் சொல்லாததுதான் குற்றம்.