மேனியில் பூசிய பழவாசம்

பூவைச் சூடுவது நமக்குப் பழகியது. மல்லிகை கூந்தலில் ஏறும். சந்தனம் மார்பில் ஏறும். கனியை மட்டும் நாம் சூடுவதில்லை, உண்கிறோம். ஆதலால் ஆப்பிளும் பீச்சும் மணக்கும் வாசனைத் திரவியம் ஒன்று பரிசாக என் கைக்கு வந்தபோது, அதை மேனியில் பூசிக்கொள்வதே விந்தையாக இருந்தது. பூசிய மறுகணம் நாவில் நீர் ஊறிற்று. உண்ணுவதற்குரிய ஒன்றை உடுத்திக்கொண்டது போன்ற கூச்சமும், சிறுபிள்ளைத்தனமான ஒரு மகிழ்ச்சியும் சேர்ந்தே எழுந்தன. அரைமணி நேரத்திற்குள் கனி போய்விட்டது. இனிப்பு கலந்த மரவாசம் ஒன்றே மிஞ்சியது. சற்று நேரத்தில் அதுவும் எனக்குத் தெரியவில்லை. அருகிலிருந்தோர் சொல்லித்தான் நான் இன்னும் மணப்பதை அறிந்தேன்.

இதில் பழம் என்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோஜாவையும் தாழம்பூவையும் காய்ச்சி வடித்து மணத்தைப் பிரிப்பதுபோல் பீச்சுப் பழத்தைப் பிரித்தெடுக்க இயலாது. 1908-ஆம் ஆண்டு வேதியியலார் கண்டறிந்த ஒரு சேர்மமே பீச்சின் மணத்தைத் தருகிறது. பிரான்சு நாட்டின் கெர்லேன் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட 'மிட்சூக்கோ' என்னும் நறுமணத்தில் அது இடம்பெற்றுப் புகழடைந்தது. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. தேனீ கொட்டும்போது, தன் கூட்டத்தைப் போருக்கு அழைக்க வெளிவிடும் மணமும் அதுவே. நமக்கு இனிப்பாக இருப்பது தேனீக்கு அபாயச் சங்கு!

பழமே இல்லாத பழவாசம் பொய்யா என்று கேட்கலாம். ஒழுக்க நூலார் சிலர் ஆம் என்று சொல்லவும் கூடும். எனக்கு அது பெரிய வழக்காகத் தோன்றவில்லை. வாசனை பூசியவரை யாரும் ஆப்பிள் மரம் என்று நம்பி ஏமாறுவதில்லை. அதைவிடக் கனமான கேள்வி வேறொன்று உண்டு. நம் மூக்கு தன் மேனியின் மணத்தை விரைவில் மறந்துவிடுகிறது. நல்ல மணமாயினும் தீய மணமாயினும் அப்படியே. அவ்வாறாயின் நான் பூசும் மணம் எனக்குரியதன்று, பிறர்க்குரியது. அது பிறரை என்ன செய்கிறது?

திருவிடந்தையில் பேருந்து ஏறுவோர்க்கு இக்கேள்வி நூலில் படிப்பதன்று. நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில் திருமணம் வேண்டி வந்தவர்கள் மாலையோடு ஏறுவார்கள். வடக்கே சிறு தொலைவில் கோவளம். அங்கு மீன் விற்கும் பெண்கள் வெற்றுக் கூடையோடு ஏறுவார்கள். மாலையின் மணமும், மீனின் மணமும், என் பழவாசமும் ஒரே வண்டியில். மாலைக்குப் பக்கத்தில் இடம் நிறைகிறது. கூடைக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கைக்குட்டை மட்டும் மூக்கருகே போகிறது.

சொன்னவர்களும் உண்டு. 2021 டிசம்பரில், குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப இருந்த முதிய பெண் ஒருவரை, நாற்றமடிக்கிறது என்று கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சியைத் தமிழகமே பார்த்தது. பணியாளர்கள் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்றே பொருள். அச்சொல்லும் ஏதோ ஒரு வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டதுபோலும்.

அந்த மணம் எதனால் வருகிறது? கடலிலிருந்து அப்போதே எடுத்த மீன் அவ்வளவாக மணப்பதில்லை. நேரம் செல்லச் செல்ல, நுண்ணுயிர்கள் மீனின் உடலிலுள்ள ஒரு பொருளைச் சிதைப்பதால் டிரைமெத்தில்அமின் உண்டாகிறது. நாம் வெறுப்பது அதைத்தான். ஆகவே கூடைக்காரியின் சேலையில் இருப்பது அழுக்கு அன்று. வெயிலில் விலை பேசிக் காத்திருந்த நேரம். நம் வீட்டுக் குழம்பின் மணத்திற்கு முந்திய பகுதி அது. அதைப் புளி ஊற்றி நாம் அடக்கிவிடுகிறோம்.

அப்படியானால் நறுமணம் ஆடம்பரம், அதை விட்டொழிக்க வேண்டும் என்று முடித்துவிடலாமா? பெத்தானியாவில் அப்படிப் பேசியவன் யூதாசு. முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, கணக்கில் பிழையில்லை. ஆயினும் ஆண்டவர் மரியாவின் பக்கமே நின்றார். அந்தத் தைலத்தை நம் திருவிவிலியம் இலாமிச்சை என்கிறது. தாவர நூலார் இமயத்தில் விளையும் சடாமாஞ்சில் என்பர். எதுவாயினும், மரியா அதைத் தன்மேல் பூசிக்கொள்ளவில்லை. பிறருடைய பாதத்தில் ஊற்றினார், கூந்தலால் துடைத்தார், வீடெங்கும் மணம் நிறைந்தது. இதற்கு முந்திய அதிகாரத்தில் அதே குடும்பம் இலாசரின் கல்லறை முன் நின்று, நான்கு நாள் ஆயிற்று, நாற்றமடிக்குமே என்று அஞ்சியது. இயேசு அதற்காகக் கல்லை மூடியே வைத்திருக்கச் சொல்லவில்லை.

யோவான் நற்செய்தி முடிவதும் மீன்வாசத்தில்தான். திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், வலையில் நூற்று ஐம்பத்து மூன்று. உயிர்த்த ஆண்டவர் தம் கையால் உணவு பரிமாறுகிறார். 'என் ஆடுகளைப் பேணி வளர்' என்னும் பொறுப்பைப் பெற்றபோது பேதுருவின் மேனி எப்படி மணந்திருக்கும் என்று கோவளத்து மக்களைக் கேட்டால் தெரியும்.

2013 மார்ச் 28 அன்று தைலத் திருப்பலியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குருக்களிடம் ஆடுகளின் மணம் வீசும் மேய்ப்பர்களாக இருக்கும்படி கேட்டார். அதே மறையுரையில், திருப்பொழிவுத் தைலம் நம்மையே மணக்கச் செய்வதற்கன்று, குப்பியில் அடைத்து வைத்தால் அது கெட்டுவிடும் என்றும் சொன்னார். முதலாவது எங்கும் பரவிற்று. இரண்டாவதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. கிறிஸ்மா தைலத்திலும் நறுமணம் கலந்தே இருக்கிறது. திருமுழுக்கில் அது வலைக்காரர் பிள்ளையின் உச்சியிலும் அலுவலர் பிள்ளையின் உச்சியிலும் ஒரே அளவில் பூசப்படுகிறது.

1808-இல் எழுந்த கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். திருப்பலியில் சமாதானத்தைப் பகிரும்போது நாம் கைகுவித்து வணங்குகிறோம், தொடுவதில்லை. மூக்குக்கு மிகவும் வசதியான வழக்கம் அது. என் புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. அதை எறியும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பூசிக்கொண்டு பேருந்தில் ஏறும் நாளில், கூடைக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.