எங்கள் வீட்டின் அட்மின்

போன வருடம் ஆடி மாதம், அலுவலகம் போகும் பேருந்தில் நின்றபடி கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் எண்ணைத் தேடக் கைபேசியை எடுத்தேன். தேடும் கட்டத்தைத் தொட்டதும் பழைய தேடல்கள் வரிசையாக விழுந்தன. மூன்றாவது வரி இது: ‘புருஷன் போனப்புறம் தலைக்கு பூ வைக்கலாமா’.

நான் அப்படித் தேடியதில்லை. என் வீட்டுக்காரர் அன்று காலையும் சட்னியில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். கேட்டது யார் என்று விளங்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மாமனார் இறந்து அப்போது ஆறு வருடம். எங்கள் வீட்டில் கூகுளிடம் வாயால் கேட்கிறவர் அத்தை ஒருவர்தான்.

அவர் கேட்டது என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல டேப் வந்த கதைக்குப் போக வேண்டும். 2020 ஜூனில் மகளின் ஏழாம் வகுப்பு ஆன்லைனுக்கு மாறியபோது அவசரத்தில் வாங்கியது அது. எட்டாயிரத்துச் சொச்சம். 2 ஜிபி ராம், 32 ஜிபி இடம். அந்த இடத்திலும் ஒரு பெரும்பங்கைப் பெட்டியைத் திறக்கும்போதே அதன் சொந்தச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. கணக்கு டீச்சரின் வாயசைவு முன்னால் போகும், குரல் பின்னால் வரும். முதல் நாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று என் ஜிமெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்தேன். பிறகு பள்ளி திறந்தது, மகளுக்குத் தனியாகக் கைபேசி வந்தது, டேப் அத்தையிடம் இறங்கியது. நம் வீடுகளில் பொருட்கள் இப்படித்தான் இறங்கும். பழைய மிக்ஸி, ஓரம் பிரிந்த போர்வை, மூலையில் விரிசல் விட்ட டேப். கடைசியில் வாங்கிக்கொள்கிறவள் வீட்டின் மூத்த பெண்ணாக இருப்பாள். கணக்கை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை பார்த்த கோயில் கும்பாபிஷேகம், முழங்கால் வலிக்குப் பயிற்சி, பழைய படப் பாட்டு எல்லாம் இரண்டு வருடமாக என் பெயரில்தான் பதிவாகிக்கொண்டிருந்தன.

அந்த வரி என் கண்ணில் பட்டதில் என் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. என் நிறுத்தம் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கணக்கின் ‘எனது செயல்பாடு’ பக்கத்தைத் திறந்து, நாள் நாளாகக் கீழே இறங்கினேன். ‘பொட்டு ஸ்டிக்கர் கருப்பு’. ‘உயில் எழுதாம செத்தா வீடு யாருக்கு’. ‘மருமக வேலைக்கு போற வீட்ல’ என்று ஒன்று பாதியில் நின்றிருந்தது. மீதியை அவர் கேட்காமலே விட்டிருக்கலாம். இயந்திரத்துக்குப் புரியாமல் போயிருக்கலாம். நான் அந்தப் பாதி வாக்கியத்தை அன்று முழுக்க என் மேசையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் படுவது வேறு, பார்ப்பது வேறு. பேருந்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் என் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டின் வைஃபைக்கு நான்தான் அட்மின். கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி என் வீட்டுக்காரரிடம்தான் எல்லாவற்றையும் விளக்கினான். அவர் தலையை ஆட்டினார். புரிந்துகொண்டது அடுப்படி வாசலில் நின்ற நான். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பதும், 192.168 என்று தொடங்கும் எண்ணை அடித்தால் பெட்டியின் உள்ளறை திறக்கும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டியை எங்கே வைப்பது என்று முதல் நாளே சண்டை போட்டேன். எங்களுடையது பழைய காரை வீடு, பதினான்கு அங்குலச் சுவர். அவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் முன்னறையில் பெட்டியை வைத்தால் அடுப்படிக்குச் சிக்னல் வராது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கொஞ்சம் மெதுவாக வந்தாலும் சுவர் கடந்து வரும். எங்கள் டேப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் போச்சு, அந்த அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அதாவது, சோற்றைச் சூடாக்குகிறவள் அந்த நேரத்தில் பாட்டு கேட்க முடியாது. கடைசியில் பெட்டி நடுக்கூடத்தில், கதவு நிலைக்கு மேலே ஏறியது. அது என் வெற்றி.

வெற்றியோடு ஒரு பட்டியலும் வந்தது. உள்ளறையைத் திறந்தால் யார் யாருடைய கருவி இப்போது இணைப்பில் இருக்கிறது என்று வரும். உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பெட்டி காட்டாது. ஆள் வந்திருக்கிறாளா இல்லையா என்பதை மட்டும் காட்டும். எந்தக் கருவியை எத்தனை மணிக்கு வெட்ட வேண்டும் என்றும் அதில் எழுதிவைக்கலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் மகளின் கைபேசியை இரவு பத்து மணிக்கு வெட்டினேன். “ஆஃப் பண்ணிட்டியா?” என்று படுத்தபடி அவர் கேட்பார். பண்ணுவது என் வேலை. மகளிடம் கெட்ட பெயர் வாங்குவதும் என் வேலை. சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன், பத்தேகாலுக்கு டேப் இணைப்புக்கு வருகிறது. அப்பாயி ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பேத்திக்கு இரவில் டேப்பைக் கொடுத்துவிட்டு, காலையில் “தூக்கமே வரல, பாட்டு கேட்டுட்டு இருந்தேன்” என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

நான் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் பூட்டு நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் சுழற்றும் போன். அப்பா அலுவலகம் போகும் முன் அதன் துளையில் விரலளவு பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். அழைப்பு வந்தால் எடுக்கலாம், நாமாக யாரையும் அழைக்க முடியாது. பில் கூடுகிறது என்பது காரணம். அது பொய்யில்லை, பில் கூடத்தான் செய்தது. அம்மா ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தாள். ரிசீவரை வைக்கும் குமிழை எண்ணிக்கைப்படி தட்டினால் எண் விழும்: ஐந்துக்கு ஐந்து தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. மதியம் இரண்டு மணிக்கு, நான் பள்ளி விட்டு வந்து காய்ச்சலில் படுத்திருந்த நாளில், அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டி அதே ஊரில் இருந்த பெரியம்மாவோடு பேசியதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை நல்ல குணம் என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அந்த நாளுக்குப் பிறகு ஒரு பூட்டுக்குப் பதில் இரண்டு ஆகிவிட்டது என்பது எனக்குப் புரியவில்லை. இரண்டாவது பூட்டு, நான் பார்த்துவிட்டேன் என்பது.

அந்தரங்கம் என்ற சொல்லைப் பெண்ணியவாதிகள் சந்தேகத்தோடு பார்த்ததற்கு நியாயம் உண்டு. “இது எங்கள் வீட்டு விஷயம்” என்று சொல்லித்தான் நூற்றாண்டுகளாக அடி மறைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இந்தப் பெண்ணிய விமர்சனமும் பேசப்பட்டது. வீட்டின் அந்தரங்கம் வேறு, வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தியின் அந்தரங்கம் வேறு. முதலாவதைக் காப்பாற்ற வாசலில் எப்போதும் ஓர் ஆண் நின்றான். இரண்டாவதற்கு நம் வீடுகளில் கதவே வைத்ததில்லை. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் 10 வரை கைபேசி கூடாது என்ற விதியை மறுத்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தை அடைவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அந்தச் செய்தியைப் படித்து நான் கைதட்டியிருக்கிறேன். என் வீட்டு விதி பத்து மணிக்குத் தொடங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் இந்தியாவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசும்போது பெண்ணின் கையில் கருவியைக் கொடுப்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அத்தை அந்த 33.3க்குள் வந்துவிட்டவர். ஆனால் யாருடைய கணக்கில், யாருடைய பெட்டியின் கீழ், யார் கழித்துப்போட்ட கருவியில் வந்தார் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்காது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டால் ஊருக்குத் தெரியும், கோயில் குருக்களிடம் கேட்டால் பதில் முன்பே தெரியும், மகனிடம் கேட்க வாய் வராது. அதனால்தான் அவர் இயந்திரத்திடம் கேட்டார். தனியாக இருக்கிறோம் என்று நம்பிக் கேட்டார். அந்த நம்பிக்கையை உடைத்த ஆள் ஒரு மாமனாரோ கணவரோ இல்லை. பெண்ணியக் கட்டுரை எழுதும் மருமகள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டு, மற்றதை “வெச்சுக்கோங்க அத்தை, யார் என்ன சொல்லப் போறா” என்று நீட்டினேன். நல்லது செய்கிறேன் என்ற மிதப்பு வேறு. அத்தை பூவையும் என்னையும் ஒரு நொடி பார்த்தார். வாங்கிக்கொண்டுபோய் முருகன் படத்துக்குப் போட்டார்.

மறுநாளிலிருந்து டேப் இணைப்புக்கு வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? பட்டியலைத் திறந்து பார்த்தேன், வேறெப்படி. பத்தேகாலுக்கும் வரவில்லை. மகள் என்னிடம் வந்து, “அப்பாயி டேப்ல போட்டதெல்லாம் எப்படி அழிக்கிறதுன்னு கேக்குறாங்கம்மா, நீ ஏதாவது பாத்தியா?” என்றாள். பதினோராம் வகுப்புப் பிள்ளை. எல்லாம் புரிந்துதான் கேட்டாள்.

திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டதை வைத்து ஒருவருக்கு நல்லது செய்தால், அந்தத் திருட்டு நேராகிவிடுமா? பல நாள் இதை யோசித்தேன். அத்தை பூ வைக்க ஆசைப்பட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டது ஆசையா, கோபமா, பக்கத்துத் தெருவில் யாரோ வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்ட வம்பா, எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டவருக்கு நான் பதிலைக் கொடுத்துவிட்டேன். அதை யோசித்து முடிக்கும் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். சொன்னால் மட்டுமே தெரிய வேண்டிய விஷயங்கள் சில உண்டு. வேறு வழியில் தெரிந்துகொண்டால் அதே விஷயம் வேறொன்றாகிவிடுகிறது. அம்மாவின் குமிழ்த் தட்டலை அப்பாவிடம் நான் சொல்லாதது பெரிய காரியம் இல்லை. அம்மாவிடம் போய் “நான் பார்க்கல” என்று பொய் சொல்லியிருந்தாலாவது அவள் அடுத்த மதியம் நிம்மதியாகப் பேசியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அது சரியா என்றும் தெரியவில்லை.

அத்தையிடம் பொய் எடுபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கணக்கு என்னுடையது என்பது, கண்ணில் பட்டது, பிறகு நானாகவே இறங்கிப் பார்த்தது எல்லாவற்றையும்.

“தெரியும்” என்றார். “வெள்ளிக்கெழம இல்ல, விசேஷம் இல்ல, ரெண்டு மொழம் பூ எதுக்கு வருது?”

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார். “உயிலையும் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“அப்ப மருமகளையும் பாத்திருப்ப.” அந்த வாக்கியத்தின் மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மாலையே டேப்பிலிருந்து என் கணக்கை எடுத்துவிட்டு அவருக்கென்று ஒன்று தொடங்கினோம். பாஸ்வேர்ட் போடும் நேரத்தில் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று அது அடம்பிடிக்க, அத்தை அதைத் திட்டுவது வெளியில் கேட்டது. பேத்தியையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. மறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “மறந்தா போவுது, புதுசா ஒன்னு போடுறேன்” என்றார்.

மகளின் பத்து மணி இன்னும் முடியவில்லை. அவளுக்குப் பதினாறு வயது, காலையில் ஆறரைக்குப் பள்ளி வேன். எனக்கு இருக்கும் பயமும் பொய்யில்லை, அப்பாவின் போன் பில் போல. அத்தையிடம் கேட்ட மன்னிப்பை அவளிடமும் கேட்டு, நேரத்தைப் பதினொன்றாக்கினேன். “அப்பா போனையும் பதினொன்னுக்கு கட் பண்ணுவியா?” என்று கேட்டாள். அவருக்கு அலுவலக அழைப்பு வரும் என்றேன். “எனக்கு வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வருகிறது. பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டை அவர்கள் மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன். என் கைபேசியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நள்ளிரவு ஒன்றரைக்கு நான் விழித்திருப்பதை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது தீர்வா, இல்லை ஒருவர் கண் இருந்த இடத்தில் நான்கு பேர் கண் வந்ததா என்று எனக்குள் வாதம் நடக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். மைக்ரோவேவ் பகுதியில் கொட்டாவி விட்டார். மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பேரு போடாத. ஊரும் போடாத” என்றார்.

சரி என்றேன்.

எழுந்து இரண்டடி போய்த் திரும்பினார். “நான் பூ வெச்சேன்னும் எழுதாத. வெக்கலன்னும் எழுதாத.”