முருகன் பாத்துப்பான்... அப்புறம்?

ஓம் சரவணபவ!

"முருகன் பாத்துப்பான்." இதை நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்! இன்டர்வியூவுக்குப் போகும்போது, அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கும்போது, ராத்திரி ரிலீஸ் போடும்போது. சொன்னதும் மனசு லேசாகுது. அதே வார்த்தையை நான் ஒரு தடவை தப்பான இடத்துல சொன்னேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் நண்பர்களோட பாலித் தீவுக்குப் போயிருந்தேன். அங்க பாத்தூர்னு ஒரு எரிமலை, உயரம் 1,717 மீட்டர். கடைசியா 2000-ல சீறியது. இன்னும் அணையலை. உள்ளூர் வழிகாட்டியோட, இருட்டுல டார்ச் அடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஏறினா உச்சியில சூரிய உதயம் பாக்கலாம்.

ஏறுறதுக்கு முன்னாடி எங்க வழிகாட்டி, தென்னங்குருத்துல செஞ்ச சின்னத் தட்டுல பூ வெச்சு, ஊதுபத்தி ஏத்தி, மலையைக் கும்பிட்டார். அந்த ஊர்க்காரங்களும் இந்துக்கள்தான். பல வருஷமா ஏறுற மனுஷன், முதல் தடவை வர்றவர் மாதிரி நின்னார்.

உச்சியில பாறை இடுக்குல இருந்து ஆவி வந்துக்கிட்டே இருந்தது. அதுலயே முட்டை வேக வெச்சுக் கொடுத்தார். கீழே பாத்தூர் ஏரி. பக்கத்துலயே நெருப்பு, பக்கத்துலயே தண்ணி. எனக்குச் சரவணப் பொய்கைதான் ஞாபகம் வந்தது. மெய்சிலிர்த்துப் போச்சு.

அந்த வேகத்துல, குறுகலான விளிம்பு வழியா பள்ளத்துக்கு இன்னும் கிட்டப் போய் ஒரு வீடியோ எடுக்கலாம்னு கிளம்பினேன். அவர் "இன்னைக்கு வேண்டாம், ஆவி அதிகமா இருக்கு"ன்னார். நான் கழுத்துல இருந்த வேலைத் தொட்டுக் காட்டி, "என் சாமி பாத்துப்பார்"னு சிரிச்சேன். அவர் சிரிக்கலை. குறுக்க வந்து நின்னார், அவ்வளவுதான். நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே இறங்கினேன்.

சென்னை வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில்ல சிங்காரவேலர் முன்னாடி நின்னப்பதான் உறைச்சது. நான் சறுக்கியிருந்தா முதல்ல ஓடி வந்திருக்க வேண்டியது அந்த மனுஷன்தானே? என் பக்திக்கு அவர் உயிரை அடகு வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2019 டிசம்பர் 9 அன்னைக்கு நியூஸிலாந்துல வக்காரிங்கற எரிமலைத் தீவு வெடிச்சப்ப, வழிகாட்டிகளோட சேர்த்து 47 பேர் அங்க இருந்தாங்க. 22 பேர் உயிர் போச்சு. அதுல ரெண்டு பேர் வழிகாட்டிகள். எச்சரிக்கை அளவை மூணு வாரம் முன்னாடியே ஒரு படி ஏத்தியிருந்தாங்க. ஆனாலும் சுற்றுலா நடந்துக்கிட்டுத்தான் இருந்தது. ஆபீஸ்ல அடிக்கடி வர்ற அலர்ட்டை, "இது எப்பவும் வர்றதுதான்"னு மியூட் பண்ற எனக்கு, இதைப் படிச்சப்ப சுருக்குனு இருந்தது.

நம்ம கந்தபுராணத்தையே பாருங்க. சிவனோட நெற்றிக்கண்ல இருந்து வந்த தீப்பொறிகளை வாயுவும் அக்னியும் சுமந்தாங்க. நெருப்புக்கே அதிபதியான அக்னியால கூடத் தாங்க முடியலை, கங்கையில விட்டார். கங்கையும் தாங்காம சரவணப் பொய்கையில கொண்டு சேர்த்தா. "என்னால இவ்வளவுதான் முடியும்"னு ஒத்துக்கிட்டவங்க கைவழியாத்தான் நம்ம குழந்தை ஆறுமுகமா வந்தான். அவங்களுக்கு அதுல அவமானமே இல்லை. எனக்கு மட்டும் என்ன?

அப்போ மலை ஏறவே கூடாதா? அப்படிச் சொன்னா பழநியையும் திருத்தணியையும் என்ன பண்றது! குன்றெல்லாம் நம்மாளு வீடுதான். ஏறுங்க. ஆனா பயப்பட வேண்டியதுக்குப் பயப்படுறதை வள்ளுவர் வெச்சது 'அறிவுடைமை' அதிகாரத்துல. கோழைத்தனத்தோட சேர்க்கலை.

பாத்தூர்க்காரங்களுக்கு இது தெரியும். 1926-ல எரிமலைக் குழம்பு ஊரையும் கோயிலையும் மூடினப்ப, அவங்க மேட்டுக்கு இடம் மாறிப் போய் அங்க திரும்பக் கோயில் கட்டினாங்க. இன்னைக்கும் அதே மலையைத்தான் கும்பிடுறாங்க. சாமி மேல நம்பிக்கையும் போகலை, மலை மேல மரியாதையும் போகலை.

"முருகன் பாத்துப்பான்"னு நான் இப்பவும் சொல்றேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: நான் பாக்க வேண்டியதைப் பாத்துட்டேனா? என்னை நம்பி இல்ல, என்னால யாராவது ஆபத்துல மாட்டுவாங்களா?

அன்னைக்கு என்னைக் காப்பாத்தச் சொல்லி வேலைத் தொட்டேன். குறுக்க வந்து நின்னாரே ஒருத்தர், அவரை அனுப்பினது யாருன்னு நினைக்கிறீங்க? அவர்கிட்ட ஒரு நன்றி கூடச் சொல்லாம வந்துட்டேன். இந்தப் பதிவு அதுக்குத்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!