யாருக்கு வந்தது இந்தக் கோபம்?

சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே பெரியவர்கள், மாமன்மார், மைத்துனர்கள் என எல்லார் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. மஞ்சள் தடவிய அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரவு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

இருபது வருஷமாக வேதாந்தம் படிக்கிறவன் நான். கீதை உரையில் பென்சில் கோடு போடாத பக்கம் குறைவு. ஒரு பெயர் விடுபட்டதும் அத்தனையும் எங்கே போயிற்று?

படித்ததில் ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. 1902-இல் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்குச் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் போனார். வருவாய்த் துறை ஊழியர். அங்கிருந்த ரமண மகரிஷிக்கு அப்போது 22 வயது; பேசுவதில்லை. பிள்ளை கேட்ட முதல் கேள்வியே ‘நான் யார்?’ என்பதுதான். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் 1923-இல் சிறு நூலாக அச்சேறின.

இப்படித் தன்னையே விசாரிக்கும் ஞான மார்க்கம் துறவிகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கேட்டவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். சொன்னவரோ பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் உட்கார்ந்து காய் நறுக்கியவர்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று படிகள் சொல்வார்கள். நான் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டேன் என்று அந்த இரவில்தான் உறைத்தது. வேதாந்தத்தின் பழைய உவமைதான்: அரையிருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. கம்பெடுத்து எவ்வளவு அடித்தாலும் பாம்பு சாகாது, இல்லாத பாம்பு எப்படிச் சாகும்? விளக்கைக் கொண்டுவர வேண்டும். அறியாமையை அறிவு மட்டுமே நீக்கும் என்று சங்கரர் அவ்வளவு அழுத்திச் சொன்னது இதைத்தான். கோபத்தை அடக்கு, அடக்கு என்று நான் இத்தனை நாள் கம்பைத்தான் ஓங்கிக்கொண்டிருந்தேன்.

எழுந்து உட்கார்ந்தேன். கோபம் யாருக்கு? எனக்கு. அந்த ‘நான்’ எது? பத்திரிகையில் விடுபட்ட நாலெழுத்தா? வாயால் சொல்லும் பதில் எதுவும் இங்கே செல்லாது. தேடுகிற கவனம் தேடுகிறவன் பக்கமே திரும்ப வேண்டும். ஒரு நிமிஷம் திரும்பியது. நெஞ்சு லேசானது. மறுபடியும் சித்தப்பா முகம் வந்தது. மறுபடியும் கேட்டேன். விடியும்வரை இப்படித்தான் போயிற்று. ஞானம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷப் படிப்பில் அந்த ஓர் இரவைத்தான் சாதனை என்று சொல்வேன்.

கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுதுகிற மேஜையில் பெயர் கேட்டார்கள். சொன்னேன்.